டாஸ்க் என்றால் அளந்து கொடுத்த வேலை

என் அக்கா மகள் மார்த்தாண்டத்தில் ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வுக்கான வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். நர்சிங் முடித்தவள், இங்கே ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே வெளிநாட்டுக்கு முயல்கிறாள். கன்னியாகுமரி மாவட்டத்தில் தெருவுக்கு ஒரு வீட்டில் நடக்கிற கதைதான். போன வாரம் போனில் சொன்னாள்: "மாமா, இன்னைக்கு எனக்கு நாலு டாஸ்க். முற்றம் பெருக்கணும், பாட்டிக்கு மாத்திரை வாங்க ஜங்ஷனுக்குப் போகணும், ரைட்டிங் டாஸ்க் எழுதிப் பார்க்கணும், ராத்திரி டூட்டிக்குப் போகணும்."

"மக்களே, அதுல ஒண்ணுதான் டாஸ்க்" என்றேன்.

"அப்போ மத்த மூணும்?"

போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை அது. எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத எழுத நீண்டுவிட்டது.

குழப்பம் எங்கிருந்து வருகிறது

டிவி நிகழ்ச்சிகளில் போட்டியாளர்களுக்குக் கொடுக்கிற விளையாட்டுக்கு டாஸ்க் என்று பெயர். ஆபீசில் மேலாளர் அனுப்புவதும் டாஸ்க். போனில் நினைவூட்டுகிற செயலியிலும் டாஸ்க். இப்படி எல்லாப் பக்கமும் காதில் விழுவதால், 'வேலை' என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் கொஞ்சம் மிடுக்காக டாஸ்க் என்று சொல்லிவிடுகிறோம்.

இதில் தமிழின் குற்றம் எதுவும் இல்லை. வேலை என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் எல்லாவற்றையும் சமாளிப்போம். 'வேலை கிடைச்சிடுச்சா?', 'வேலை முடிஞ்சிடுச்சா?', 'வீட்டு வேலை கிடக்கு', 'உனக்கு வேற வேலை இல்லையா?' என்று நான்கு இடத்தில் வந்தாலும் யாருக்கும் பொருள் தவறுவதில்லை. ஆங்கிலம் இதே இடத்தை வேறு மாதிரி வரப்பு போட்டுப் பிரித்து வைத்திருக்கிறது. ஒர்க், ஜாப், டாஸ்க், சோர், எர்ரண்ட், டூட்டி என்று பாத்தி பாத்தியாக. வரப்பு எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் நடந்தால் அடுத்தவன் வயலில் கால் வைத்துவிடுவோம்.

முந்நூறு மரம்

டாஸ்க் என்ற சொல்லின் உள்ளர்த்தத்தைப் பிடிக்க அகராதியைவிட நல்ல இடம் ஒன்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. குலசேகரம் தாண்டி சிற்றாறு பக்கம் போனால் ரப்பர் தோட்டங்கள். தமிழ்நாட்டில் ரப்பர் என்றாலே முதலில் இந்த மேற்குப் பகுதிதான்.

பால் வெட்டுகிறவர் விடிவதற்கு முன்பே தோட்டத்தில் இருப்பார். வெயில் ஏறாத நேரத்தில்தான் மரத்தின் பட்டைக்குள் அழுத்தம் நன்றாக இருக்கும், பால் தாராளமாக ஓடும். முந்தைய தடவை வெட்டிய கோட்டில் உறைந்து கிடக்கிற ஒட்டுப்பாலை உரித்தெடுத்துவிட்டு, பட்டையை மெல்லிய சீவலாக ஒரு கீற்று சீவுவார். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மேலோடு போனால் பால் வராது. பால் வடிகிற சிரட்டையைச் சரிபார்த்து வைத்துவிட்டு அடுத்த மரம். அப்படியே அடுத்தது. எல்லா மரமும் முடிந்த பிறகு, பால் ஓடி நிற்கக் காத்திருந்து, மறுபடியும் முதல் மரத்திலிருந்து வாளியோடு நடந்து பாலைச் சேகரிக்க வேண்டும்.

ஒருவர் ஒரு நாளில் எத்தனை மரம் வெட்ட வேண்டும்? இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஏறக்குறைய முந்நூறு, நானூறு மரம். சரிவான மலைப்பகுதி என்றால் குறையும், சமதரை என்றால் கூடும். ஒரு நாள் வெட்டிய மரத்துக்கு மறுநாள் ஓய்வு கொடுக்கிற முறை என்றால், ஒருவருக்கு இரண்டு பகுதிகள் ஒதுக்கியிருப்பார்கள். இன்று ஒன்று, நாளை மற்றது. இப்படி ஒருவருக்கு ஒரு நாளைக்கென்று அளந்து கொடுத்த மர எண்ணிக்கைக்கு ரப்பர் சாகுபடி நூல்களில் இருக்கிற பெயர் டேப்பிங் டாஸ்க். வெட்டுகிறவர் 'இன்னைக்கு இத்தனை மரம்' என்றுதான் சொல்வார். ஆனால் டாஸ்க் என்ற சொல்லின் சரியான பொருள் அவர் தலையில்தான் இருக்கிறது.

அதில் மூன்று விஷயங்கள் கவனிக்க வேண்டும். வேலைக்கு ஓர் எல்லை இருக்கிறது. யாரோ ஒருவர் அதை ஒதுக்கியிருக்கிறார். அப்புறம், முடிந்ததா இல்லையா என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். கடைசி மரத்தில் கத்தி வைத்து, பாலையும் கொண்டுவந்து ஊற்றிவிட்டால் முடிந்தது. வாதத்துக்கே இடமில்லை.

அண்டி ஆபீஸை இதனோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், முந்திரித் தொழிற்சாலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அங்கே கிலோ கணக்கில் கூலி பேசி அண்டி தல்லுகிற, அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண், முடிந்த அளவு செய்யலாம், கூடச் செய்தால் கூடக் காசு. அதை ஆங்கிலத்தில் பீஸ் ஒர்க் என்பார்கள். டாஸ்க்கில் அளவு முன்கூட்டியே குறிக்கப்பட்டுவிடும்.

இதுவரை வந்ததைச் சுருக்கிக்கொள்வோம்: டாஸ்க் என்பது எல்லை குறித்து, ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட, முடித்தேன் என்று சொல்லக்கூடிய ஒரு வேலைப் பங்கு. மற்றவர்தான் ஒதுக்க வேண்டும் என்பதில்லை. நமக்கு நாமே ஒதுக்கிக்கொண்டாலும் டாஸ்க்தான்.

குளமும் குடமும்

ஒர்க் என்பது குளத்துத் தண்ணீர் என்றால் டாஸ்க் என்பது அதிலிருந்து கோரிய ஒரு குடம். தண்ணீரை எண்ண முடியாது, குடத்தை எண்ணலாம். ஆங்கில இலக்கணத்தில் இதற்கு எண்ணமுடியாப் பெயர் என்று ஒரு வகை வைத்திருக்கிறார்கள். பன்மை விகுதி ஏற்காத, முன்னால் 'ஒரு' போட முடியாத பெயர்ச்சொல் என்று பொருள். நாமும் சோறுகள் என்று சொல்வதில்லை, ஒரு கவளம் சோறு, இரண்டு தட்டு சோறு என்றுதானே சொல்கிறோம்?

நம் ஆட்கள் ஆங்கிலத்தில் அதிகம் சறுக்குகிற இடங்களில் இது ஒன்று. 'எனக்கு நிறைய வேலைகள் இருக்கு' என்பதை அப்படியே கொண்டுபோய் 'ஐ ஹேவ் மெனி ஒர்க்ஸ்' என்று எழுதிவிடுகிறோம். அவர்கள் காதில் அது 'எனக்கு நிறைய சோறுகள் இருக்கு' என்பது போல விழும். 'எ லாட் ஆஃப் ஒர்க்' என்று சொல்லலாம். எண்ணிக்கை வேண்டும் என்றால் 'த்ரீ டாஸ்க்ஸ்' என்று குடத்துக்கு மாறிவிடலாம்.

அப்படியென்றால் பொதுப்பணித் துறையை பப்ளிக் ஒர்க்ஸ் என்கிறார்களே? நல்ல கேள்விதான். பன்மையில் ஒர்க்ஸ் என்று வரும்போது பொருளே மாறிவிடும். அணை, பாலம், கால்வாய் போன்ற கட்டுமானங்கள். திருவிதாங்கூர் அரசு 1897 முதல் 1906 வரை கோதையாற்றின் குறுக்கே கட்டிய பேச்சிப்பாறை அணை அந்த வகை. ஓவியர், எழுத்தாளர் படைப்புகளுக்கும் ஒர்க்ஸ் என்று வரும். முற்றம் பெருக்குவதும் மாத்திரை வாங்குவதும் இதில் சேராது.

ஜாப் என்பது குடமும் இல்லை, குளமும் இல்லை. தண்ணீர் கோருவதற்கு ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிற பதவி. பேச்சு வழக்கில் ஜாப் என்பது ஒரு தனி வேலையையும் குறிக்கும் என்றாலும், தொடக்கத்தில் இந்த அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வரி கட்டியவன் வீட்டுச் சொல்

இனி எனக்குப் பிடித்த பகுதி. டாஸ்க்கும் டாக்ஸும், அதாவது வரியும், ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இடைக்கால லத்தீனில் டாக்ஸா என்று ஒரு சொல். மதிப்பிட்டு விதிப்பது என்பது அடிப்படைப் பொருள். அதில் க், ஸ் இரண்டும் இடம் மாறி டாஸ்கா ஆனது. பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போய் டாஸ்க் என்று நின்றது. எழுத்து இப்படி இடம் மாறுவது நமக்குப் புதிதா என்ன? தசை சதையாகவில்லையா, கிராமத்து வாயில் மதுரை மருதையாகவில்லையா?

ஆக, ஆண்டைக்குக் காசாகவோ தானியமாகவோ கொடுத்தால் அது டாக்ஸ். உடம்பால் கொடுத்தால் டாஸ்க். இரண்டையும் அளந்து விதிப்பவர் மேலே இருப்பவர்தான். டாஸ்க் என்றாலே கொஞ்சம் பாரமான, விரும்பிச் செய்யாத வேலை என்ற சாயல் இன்றும் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இந்தக் கதை நம் மண்ணுக்கு அந்நியமானது இல்லை. 1956 நவம்பர் 1 அன்று, அப்போது சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டோடு சேரும்வரை இந்தப் பகுதி திருவிதாங்கூரின், கடைசிச் சில ஆண்டுகள் திருவிதாங்கூர்-கொச்சியின், தெற்குத் தாலுகாக்களாகத்தான் இருந்தது. பழைய திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியார் மேல் தலைவரியும் இருந்தது, ஊழியமும் இருந்தது. ஊழியம் என்றால் அன்று கூலியில்லாமல் அரசுக்குச் செய்ய வேண்டிய கட்டாய வேலை. தலைக்கு ஒரு டாக்ஸ், உடம்புக்கு ஒரு டாஸ்க். அதே சொல் இன்று எப்படி ஆகிவிட்டது பாருங்கள்! அரசு ஊழியர் என்றால் பெண் கொடுக்க வரிசையில் நிற்கிறார்கள். 'அண்ணன் ஊழியத்துக்குப் போயிருக்கார்' என்றால் சபைப் பணிக்குப் போயிருக்கிறார் என்று பொருள். கூலியில்லாத வேலையின் பெயர் மாதச் சம்பளத்துக்கும் மரியாதைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

கடமை என்ற சொல்லும் அப்படித்தான். சோழர் காலக் கல்வெட்டுகளில் கடமை என்பது நிலத்துக்குக் கட்ட வேண்டிய வரி. இன்று அது மனசாட்சி சம்பந்தப்பட்ட சொல். ஆங்கிலத்தில் டூட்டியும் இதே பாதையில் நடந்திருக்கிறது. கொடுக்க வேண்டிய பாக்கி என்ற பொருளில் பிறந்து, ஒரு பக்கம் அறக்கடமையாகவும் மறுபக்கம் சுங்கத்தில் கட்டுகிற கஸ்டம்ஸ் டூட்டியாகவும் பிரிந்துவிட்டது.

டாஸ்க்மாஸ்டர் என்றால் ஆளை விரட்டி அளவு வேலை வாங்குகிறவர். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்குப் போனவர்களுக்கு இதற்குத் தமிழ்ச் சொல் தெரிந்திருக்கும். யாத்திராகமத்தில் எகிப்தில் செங்கல் கணக்கு கேட்டு அடிக்கிறவர்கள் வருவார்களே, அவர்களைத் தமிழில் ஆளோட்டிகள் என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் பார்த்ததில்லை.

மீதி மூன்றுக்கும் பெயர்

முற்றம் பெருக்குவது சோர். இன்று வாரியலை எடுத்துப் பெருக்கினாலும் நாளைக் காலையில் பலா இலை மறுபடி விழுந்து கிடக்கும். முடிந்தது என்று ஒருநாளும் சொல்ல முடியாது, திரும்பித் திரும்பி வரும். சொல்லின் வேரும் அதையேதான் சொல்கிறது. பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லுக்குத் திரும்புதல், முறை என்று பொருள். கதவு ஒருக்களித்துத் திறந்திருப்பதை அஜார் என்கிறார்களே, அதற்குள் இருப்பதும் இதே வேர்தான். கதவு கொஞ்சம் திரும்பியிருக்கிறது. சென்னைப் பக்கம் ஒண்டுக் குடித்தன வீடுகளில் வாசல் பெருக்கிக் கோலம் போடுவதை வீட்டுக்கு ஒரு நாளாகப் பிரித்துக்கொண்டு முறைவாசல் என்பார்கள். சோர் என்பதற்கு யாராவது தமிழ் கேட்டால் நான் அந்த 'முறை'யைத்தான் காட்டுவேன். சோர்வுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாட்டிக்கு மாத்திரை வாங்க ஜங்ஷனுக்குப் போய்வருவது எர்ரண்ட். ஒருவருக்காக வெளியே போய்ச் செய்துவிட்டு வருகிற சின்ன வேலை. நகராமல் எர்ரண்ட் இல்லை. பழைய ஆங்கிலத்தில் இதற்குச் செய்தி, தூது என்று பொருள். பாட்டியின் தூதுவராக மருந்துக்கடைக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ராத்திரி மருத்துவமனைக்குப் போவதை டூட்டி என்று அவள் சொன்னது சரிதான். அங்கே போன பிறகு, 'இந்த ஆறு பேருக்கு பத்து மணிக்குள் பிபி பார்த்து எழுதிவை' என்று மூத்த நர்ஸ் சொன்னால் அது டாஸ்க். டூட்டி என்பது இருக்க வேண்டிய நேரம், ஏற்றுக்கொண்ட பொறுப்பு. டாஸ்க் அதற்குள் வருகிற அளந்த துண்டு.

சுருக்கமாக: திரும்பி வந்தால் சோர், போய்வந்தால் எர்ரண்ட், பொறுப்பு என்றால் டூட்டி, அளந்து கொடுத்தால் டாஸ்க். கோடுகள் அவ்வளவு துல்லியமானவை இல்லை. ஆங்கிலக்காரர்களும் வீட்டு வேலையை ஹவுஸ்ஹோல்டு டாஸ்க்ஸ் என்று சொல்வதுண்டு. ஆனால் தொடங்குகிறவர் கோட்டைத் தெரிந்துகொண்டு அப்புறம் தாண்டலாம்.

எந்த வினையோடு சேரும்

டீ போடு, தோசை சுடு, இட்லி அவி. டீ சுடு, தோசை அவி என்றால் சிரிப்பார்கள். ஒரு சொல் எந்தச் சொல்லோடு வழக்கமாகக் கூடி வருகிறது என்பதைச் சொற்சேர்க்கை என்பார்கள். அதற்கு இலக்கண விதி கிடையாது, பழக்கம்தான்.

டாஸ்க்கைக் கொடுப்பதற்கு செட், அசைன், கிவ் மூன்றும் வரும். செய்வதற்கு டூ, கேரி அவுட், பெர்ஃபார்ம். முடிப்பதற்கு கம்ப்ளீட். மேக் மட்டும் வரவே வராது. சோருக்கு டூ போதும். எர்ரண்டை ஓடித்தான் செய்ய வேண்டும், ரன் அன் எர்ரண்ட்.

டாஸ்க் என்றால் சின்ன வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அளவு குறித்த வேலை என்றுதான் பொருளே தவிர, அளவு சிறியதாக இருக்க வேண்டியதில்லை. கன்னியாகுமரிக் கடலுக்குள் பாறை மேல், பீடத்தோடு சேர்த்து 133 அடி உயரத்துக்குக் கருங்கல்லில் திருவள்ளுவரை நிறுத்தி 2000 ஜனவரி 1 அன்று திறந்தார்களே, அதையும் டாஸ்க் என்று சொல்லலாம். முன்னால் டாண்டிங் என்று ஒரு அடைமொழி சேர்ப்பார்கள், மலைக்க வைக்கிற என்று பொருள்.

துப்பாக்கியும் கணினியும்

டாஸ்க் ஃபோர்ஸ் என்றவுடன் நமக்குக் காக்கி உடையும் காடும் நினைவுக்கு வரும். வீரப்பனைத் தேடிய ஸ்பெஷல் டாஸ்க் ஃபோர்ஸைத் தமிழில் அதிரடிப்படை என்று எழுதிப் பழக்கிவிட்டார்கள், அதனால் டாஸ்க் என்பதிலேயே ஏதோ அதிரடி இருப்பதாக ஒரு மயக்கம். உண்மையில் குறிப்பிட்ட ஒரு காரியத்துக்காக மட்டும் கூட்டப்பட்ட குழு, அவ்வளவுதான். அமெரிக்கக் கடற்படையில் புழங்கத் தொடங்கிய சொல் என்பதால் படை வாசனை ஒட்டிக்கொண்டது. பண மோசடியைக் கண்காணிக்கிற சர்வதேச அமைப்பின் பெயரிலும் டாஸ்க் ஃபோர்ஸ் இருக்கிறது. அவர்கள் கையில் இருப்பது கோப்புகள்.

கணினியில் டாஸ்க் என்பது இயந்திரம் செய்ய எடுத்துக்கொண்ட ஒரு வேலை அலகு. மல்டி டாஸ்கிங் என்ற சொல்லே 1960களில் கணினித் துறையில்தான் பிறந்தது. ஒரே நேரத்தில் பல வேலை என்று நாம் புரிந்துகொள்கிறோம். டீக்கடை மாஸ்டரைக் கவனியுங்கள். ஒரு கிளாசில் டிகாக்‌ஷன் ஊற்றுவார், அடுத்ததில் பால், மூன்றாவதை ஆற்றுவார், திரும்ப முதலாவதுக்கு வருவார். நமக்கு மூன்று டீயும் ஒன்றாகத் தயாராவது போலத் தெரியும். கை ஒரு நொடியில் ஒரு கிளாசில்தான் இருக்கும். கணினியின் ஒற்றைச் செயலி மையமும் இப்படித்தான், ஒரு நொடிக்குள் பல தடவை மாறி மாறித் தாவும். தாவும்போது விட்ட இடத்தைக் குறித்து வைத்துக்கொள்வதால் அதற்குக் குழப்பம் இல்லை. நாம் குறித்து வைப்பதில்லை. போனில் பேசிக்கொண்டே மீன் குழம்பு வைத்தால் புளி இரண்டு தடவை விழுவது அதனால்தான்.

ரைட்டிங் டாஸ்க்

அக்கா மகளின் பட்டியலில் உண்மையான டாஸ்க் ரைட்டிங் மட்டும்தான். அந்தத் தேர்வு அதற்கு எவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறது பாருங்கள். டாஸ்க் ஒன்றுக்குக் குறைந்தது 150 சொல், டாஸ்க் இரண்டுக்குக் குறைந்தது 250 சொல். இரண்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம். அதில் முதலாவதுக்கு இருபது, இரண்டாவதுக்கு நாற்பது நிமிடம் என்று பரிந்துரையும் உண்டு. முந்நூறு மரம் போலவே அளந்து கொடுத்தது. மதிப்பெண் போடுகிற நான்கு அளவுகோல்களில் முதலாவது, கேட்டதைச் செய்திருக்கிறாயா என்பது. இலக்கணமும் சொல்வளமும் வேறு அளவுகோல்கள்.

அவள் சறுக்கியது இங்கேதான். முதல் டாஸ்க்கில் ஒரு வரைபடத்தைக் கொடுத்து, தெரிகிற முக்கிய விவரங்களை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இவள் அந்த எண்கள் ஏன் ஏறின, அரசு என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் சொந்தக் கருத்தாக ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாள். ஆங்கிலம் அழகாகத்தான் இருந்தது. பக்கத்துத் தோட்டத்து மரத்தில் போய்ப் பால் வெட்டிய மாதிரி.

கடைசியாக ஒரு மரபுத்தொடர் மீதம் இருக்கிறது. டேக் சம்ஒன் டு டாஸ்க் என்று செய்தித்தாளில் வரும். 'நீதிமன்றம் அதிகாரிகளை டேக் டு டாஸ்க்' என்று பார்த்தால், அதிகாரிகளுக்கு ஏதோ வேலை கொடுத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பிடித்து நிறுத்தி, செய்த தவறுக்குக் கடிந்துகொண்டார்கள் என்று பொருள்.

எடுத்துக்காட்டு கேட்டாள். தேட வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. அன்று ராத்திரி டூட்டிக்குப் போகிற அவசரத்தில் பாட்டியின் மாத்திரையை அவள் வாங்கவே இல்லை. காலையில் வீட்டுக்கு வந்ததும் அக்கா அவளை டேக் டு டாஸ்க்.